பழைய அவுட்போர்டில் த்ராட்டில் லிங்கேஜ் ஆடுகிறது: இணைப்புக் கம்பியை முறுக்கிவிட்டால் போதுமா?

ஓடக்காரன்

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது படகின் பின்னால் மாட்டும் 25 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை, டில்லர் கைப்பிடி (படகைத் திருப்புவதும் வேகம் ஏற்றுவதும் அதிலேயே). வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்தான் படுத்துகிறது.

பிடியைத் திருப்பினால் முதல் கால்வாசிக்கு ஒன்றுமே நடப்பதில்லை. அப்புறம் திடீரென்று ரேஸ் ஏறுகிறது. திரும்பக் குறைத்தால் ஐட்லிங் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது. ஒரு முறை உறுமிக்கொண்டே இருக்கும், அடுத்த முறை அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன். ஃபுல் த்ராட்டிலிலும் பழைய வேகம் இல்லை என்றே தோன்றுகிறது.

பிடியின் அசைவைக் கார்புரேட்டர் வரை கடத்தும் லிங்கேஜில், டில்லரிலிருந்து உள்ளே வருவது கேபிள் இல்லை, தண்டு. அதன் முனையில் பல், பிறகு ஒரு லீவர், அதிலிருந்து மரை போட்ட இணைப்புக் கம்பி. அந்தக் கம்பியின் நீளத்தைக் குறைத்து ஆட்டத்தை எடுத்துவிடலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்புளி

தாராளமாக எடுக்கலாம். கம்பியின் ஒரு முனையைக் கழற்று, இரண்டு மூன்று சுற்று முறுக்கு, திரும்ப மாட்டு. கால்வாசிக்குச் சும்மா திரும்புவது போய்விடும். பழைய மோட்டாருக்கு இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

பழையஇரும்பு

தம்பி, கம்பியில் கை வைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். திருப்புளி சொல்வது போலச் செய்தால் பிடி சும்மா திரும்புவது குறையும், உண்மைதான். ஆனால் ஆட்டம் போகாது, இடம்தான் மாறும். தேய்ந்த ஓட்டைக்குள் பின் முன்பு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் சாயும், அவ்வளவுதான். அதோடு மோட்டாரின் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் விழும் நேரமும், சேர்ந்து நகர்ந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்து மோட்டார்களில் த்ராட்டில் பிடி கார்புரேட்டரை மட்டும் திறப்பதில்லை. பிடியைத் திருப்பினால் முதலில் அசைவது, காந்தம் வைத்த கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும், காயில் பூட்டிய ஸ்டேட்டர் தட்டு. அது சுழன்று ஸ்பார்க் விழும் நேரத்தை முன்னால் தள்ளும். அந்தத் தட்டோடு சேர்ந்த கேம் (வளைந்த விளிம்புள்ள துண்டு), கார்புரேட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன ரோலரைத் தள்ளி, காற்று வழியை மூடும் சுழல் தகடான பட்டர்ஃப்ளையைத் திறக்கும். ஆக, ஒரே அசைவில் இரண்டு வேலை. சில தயாரிப்புகளில் தட்டு அசையாமல் தனி லீவர் இதைச் செய்யும், ஆனால் சங்கதி அதேதான்: இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு ஸ்பார்க் அட்வான்ஸ் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கம்பியின் நீளத்தை மாற்றினால் அந்தக் கணக்கின் தொடக்கமும் முடிவும் மாறும்.

இன்னொரு கணக்கு. உங்கள் வழியில் ஐந்து ஜாயின்ட் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 0.4 மில்லிமீட்டர் தேய்மானம். தனித்தனியாகப் பார்த்தால் விரலுக்குக்கூடத் தெரியாது. சேர்ந்தால் 2 மில்லிமீட்டர். கடைசி லீவரின் நீளம் 25 மில்லிமீட்டர் என்றால் அந்த 2 மில்லிமீட்டர் நாலரை டிகிரிக்கு மேல் போகும். பட்டர்ஃப்ளை மூடியிருக்கும் நிலையிலிருந்து முதல் சில டிகிரி திறக்கும்போதுதான் காற்றோட்டம் தடாலென்று மாறும். உங்கள் ஐட்லிங் இடத்துக்கு இடம் நிற்பதற்கு அதுவே போதும்.

முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு முறுக்கலாம். பிளக் வயர் இரண்டையும் கழற்றி இன்ஜின் பாடியில் எர்த் செய்துவிடுங்கள். மேல் கவரை எடுங்கள். ஒருவர் பிடியை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைக்கட்டும், நீங்கள் கார்புரேட்டர் முனையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ அங்கே தேய்மானம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் நகர்வது தெளிவாகத் தெரியும்.

ஓடக்காரன்

நன்றி அண்ணே. நீங்கள் சொன்னபடி தம்பியைப் பிடியில் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கார்புரேட்டர் பக்க ரோலர் நன்றாகச் சுழல்கிறது. ஆனால் பிடி ஐட்லிங்கில் இருக்கும்போது ரோலருக்கும் கேமுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, ஒரு கனமான அட்டை நுழையும். இதுதான் ஆட்டத்துக்குக் காரணமோ?

இணைப்புக் கம்பியின் ஒரு முனை பந்து-கிண்ணம் மாதிரியான பிளாஸ்டிக் ஜாயின்ட். அது இறுக்கமாகத்தான் இருக்கிறது. மறுமுனையில் வளைத்த கம்பி, லீவர் ஓட்டைக்குள் போய், கால்களை விரித்துப் பூட்டும் காட்டர் பின்னில் முடிகிறது. அங்கே நல்ல ஆட்டம். ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. கம்பியிலும் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

லீவர் சுழலும் பெரிய போல்ட்டில், லீவரை மேலும் கீழும் அசைக்க முடிகிறது. உள்ளே இருந்த புஷ் (ஓட்டைக்குள் இறக்கும் சின்னக் குழாய்) பழுப்பேறி ஒரு பக்கம் வெடித்திருக்கிறது.

அப்புறம் ஃப்ளைவீலுக்கு அடியில் விரலை விட்டு ஸ்டேட்டர் தட்டை அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் தூக்குகிறது. இப்படி இருக்கலாமா?

நீர்க்கோடு

ரோலருக்கும் கேமுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் தொடாதீர்கள். பெரும்பாலான மோட்டார்களில் அது வேண்டுமென்றே வைத்தது. ஐட்லிங்கில் பட்டர்ஃப்ளை முழுசாக மூடி தன் ஸ்டாப்பில் உட்கார வேண்டும், கேம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பிடியைத் திருப்பும்போது முதலில் கொஞ்ச தூரம் ஸ்பார்க் மட்டும் முன்னேறும், அதற்கப்புறம்தான் கேம் ரோலரைத் தொட்டுத் திறக்கும். பலர் இதை லூஸ் என்று நினைத்து ரோலரைக் கேமோடு ஒட்டவைத்துவிடுவார்கள். பிறகு ஐட்லிங் இறங்கவே இறங்காது.

ஆகவே பிடியில் தெரியும் சும்மா திரும்பல் அத்தனையும் கோளாறு இல்லை. ஒரு பங்கு வடிவமைப்பு, மீதி தேய்மானம். பிரித்துப் பார்க்க ஒரு வழி: பிடியைத் திருப்பும்போது ஸ்டேட்டர் தட்டைப் பாருங்கள், கார்புரேட்டரை அல்ல. பிடி அசைந்தவுடன் தட்டு அசைந்தால் அந்தப் பக்கம் சுத்தம். பிடி அசைந்தும் தட்டு அசையாமல் நிற்கும் தூரம் எவ்வளவோ, அதுதான் நீங்கள் சரிசெய்ய வேண்டிய ஆட்டம்.

தட்டு தூக்குவது நல்லதில்லை. அதைப் பழையஇரும்பு விளக்குவார்.

பழையஇரும்பு

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று இடம் அகப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கம்பி முனை: கம்பியில் பள்ளம் விழுந்துவிட்டால் கம்பியையே மாற்ற வேண்டும். ஓட்டையை மட்டும் சரிசெய்தால் பள்ளம் புது ஓட்டையையும் தின்றுவிடும். பழைய கம்பியைக் கழற்றும் முன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து எழுதிவையுங்கள், மையத்திலிருந்து மையத்துக்கு. புதுக் கம்பியைத் தொடங்கும்போது அந்த அளவுதான் கைகொடுக்கும். முட்டை ஆகிவிட்ட ஓட்டையை ஒரு சைஸ் பெரிதாகத் துளைத்து வட்டமாக்கி, உள்ளே புஷ் இறக்கலாம். லீவரின் விளிம்புக்கும் ஓட்டைக்கும் நடுவில் போதுமான உலோகம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் லீவரை மாற்றுவதுதான் வழி. காட்டர் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை வளைத்து நிமிர்த்திய பின் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. புதிதாக எவர்சில்வர் பின் போடுங்கள், இரண்டு பக்கமும் மெல்லிய வாஷர் வையுங்கள்.

லீவர் புஷ்: வெடித்ததை மாற்றத்தான் வேண்டும். போல்ட்டின் தண்டையும் நகத்தால் வருடிப் பாருங்கள். படி தட்டினால் போல்ட்டும் போயிற்று. அந்த போல்ட் அலுமினியத்தில் இறங்குகிறது என்றால் மரையில் துரு-பிடிப்புத் தடுப்புப் பசை தடவாமல் மாட்டாதீர்கள். உப்புத் தண்ணீரில் எவர்சில்வரும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகி போல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது தலை கையோடு வரும்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் புஷ் பக்கத்தில் மரைப் பூட்டுத் திரவம் சிந்த விடாதீர்கள். சில வகை பிளாஸ்டிக்கில் அது பட்டால் மயிரிழை விரிசல் விடும். போல்ட் கழலக் கூடாது என்றால் நைலான் வளையம் வைத்த நட் போதும். அதுவும் கையால் முழுக்கத் திருக முடிகிற அளவுக்குத் தளர்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஸ்டேட்டர் தட்டைத் தனியாகப் பேசுவோம். அது பெரிய வேலை.

திருப்புளி

இவ்வளவு பிரித்துப் போட வேண்டுமா? நான் ஒரு சுலபமான வேலை சொல்கிறேன். கேம் லீவருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் போட்டு ஐட்லிங் பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டால் எல்லா ஜாயின்ட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தேய்மானம் இருந்தாலும் ஆட்டம் தெரியாது. பல வருஷமாக ஓடும் படகுகளில் பார்த்திருக்கிறேன்.

இழுகயிறு

திருப்புளி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆட்டத்தை ஒரே பக்கமாகச் சாய்த்து வைப்பது எந்த இயந்திரத்திலும் செய்கிற வேலைதான். பட்டர்ஃப்ளை சுழலும் தண்டான கார்புரேட்டர் ஸ்பிண்டிலில் கம்பெனியே ஸ்பிரிங் போட்டிருக்கிறது.

மீதிப் பாதிதான் சிக்கல். டில்லர் மோட்டாரில் பிடி தானாக ஐட்லிங்குக்குத் திரும்பக் கூடாது என்று ஒரு உராய்வு ஸ்க்ரூ வைத்திருப்பார்கள். விட்ட இடத்தில் பிடி நிற்க வேண்டும். நீங்கள் வெளியே பலமான ஸ்பிரிங் போட்டால் அது அந்த உராய்வோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும். ஸ்க்ரூவை இறுக்குவீர்கள், பிடி கல்லாகிவிடும், மணிக்கட்டு வலிக்கும். கொஞ்சம் தளர்த்தினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் தானாக இறங்கும். அதோடு, தேய்ந்த ஓட்டையின் ஒரே பக்கத்தில் எப்போதும் சுமை இருப்பதால் அது இன்னும் வேகமாகத் தேயும்.

ஸ்பிரிங்கை அவசரத்துக்குக் கரை சேர வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாக வேண்டாம்.

திருப்புளி

உராய்வு ஸ்க்ரூ விஷயம் சரி. என் கண்ணில் பட்டவை எல்லாம் ரிமோட் கன்ட்ரோல் படகுகள், அதாவது தனிப் பெட்டியிலிருந்து கேபிளால் மோட்டாரை இயக்குபவை, டில்லர் இல்லை. அங்கே கன்ட்ரோல் பெட்டியே லீவரைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் இந்தப் பிரச்சினை வராது.

ஓடக்காரன்

ஸ்பிரிங் வேண்டாம், ஒழுங்காகவே செய்துவிடுகிறேன். ஃப்ளைவீலைக் கழற்றுவதுதான் பயமாக இருக்கிறது. தட்டு தூக்குவதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி?

பழையஇரும்பு

விட்டால் இரண்டு தொல்லை. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அதில் இருக்கும் காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் உள்ள இடைவெளி மாறும், ஸ்பார்க் நேரம் ஆடும். இன்னும் தேய்ந்தால் காயில் காந்தத்தில் உரசும். உரசிய காயிலை மாற்றுவதற்கு ஃப்ளைவீல் கழற்றுவது எவ்வளவோ மேல்.

தட்டுக்கு அடியில் நைலான் மாதிரியான ஒரு வளையம் இருக்கும், தட்டு அதன்மேல்தான் சுழல்கிறது. உங்கள் மோட்டாரில் அந்த வளையம் தேய்ந்திருக்கும், அல்லது அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும். பின்னது என்றால் அதிர்ஷ்டம்.

ஃப்ளைவீல் கழற்றும் விதம். மேலே கயிற்று ஸ்டார்ட்டரை எடுங்கள். நடுவில் இருக்கும் நட்டைக் கழற்ற ஃப்ளைவீலைப் பிடிக்கும் பட்டை வேண்டும். ஸ்பேனரை முட்டுக்கொடுத்துப் பற்களை உடைக்காதீர்கள். நட்டை முழுக்க எடுத்துவிடாமல் தண்டின் நுனிக்குச் சமமாக நிறுத்துங்கள். ஃப்ளைவீல் சடாரென்று விடுபடும்போது அது மேலே பாயாமல் தடுக்கும், மரை நுனியும் தப்பும். ஃப்ளைவீலின் நடுப்பகுதியில் மூன்று மரைத் துளைகள் இருக்கும், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரின் போல்ட்கள் அவற்றில் இறங்க வேண்டும். விளிம்பைக் கவ்வி இழுக்கும் கால் புல்லர் கூடவே கூடாது. அது ஃப்ளைவீலை வளைத்துவிடும், உள்ளே ஒட்டிய காந்தமும் பெயரும். தண்டின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பதும் வேண்டாம், அடி நேராக கிராங்க் பேரிங்குக்குப் போகும். புல்லரை இறுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள், புல்லர் போல்ட்டின் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டுங்கள், பெரும்பாலும் ‘டக்’ என்று விட்டுவிடும்.

விட்டதும் முதலில் சாவியைப் பாருங்கள், தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் இருக்குமே, அந்தச் சின்ன உலோகத் துண்டு. அதில் வெட்டு விழுந்திருந்தால் உங்கள் டைமிங் கோளாறில் அதற்கும் பங்கு உண்டு. லிங்கேஜை எவ்வளவு சரிசெய்தாலும் சாவி நகர்ந்திருந்தால் எல்லாம் வீண்.

தட்டின் ஸ்க்ரூக்களை எடுக்கும் முன் வயர்கள் எந்த வழியாகப் போகின்றன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு சுழலும்போது அந்த வயர்களும் வளைந்து நிமிரும். திரும்ப மாட்டும்போது இறுக்கிக் கட்டிவிட்டால் கொஞ்ச நாளில் உள்ளே அறுந்துபோகும், வெளியே உறை அப்படியே இருக்கும். வளையத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவினால் போதும், அப்பினால் காயிலில் தெறிக்கும்.

மாட்டும்போது தண்டின் கூம்பும் ஃப்ளைவீலின் உட்கூம்பும் எண்ணெய்ப் பசை இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும். ஃப்ளைவீலைப் பிடித்திருப்பது அந்தக் கூம்பின் பிடிமானம்தான், சாவி அடையாளத்துக்கு மட்டும். நட்டை உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். காந்தத்தில் இரும்புத்தூளோ வாஷரோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலைச் சுற்றி விட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கடைசல்

புஷ், வளையம் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம், லேத் வேலை என் தொழில்.

பழைய மோட்டாருக்கு உதிரிபாகம் கிடைக்காது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஜான்சன், எவின்ரூட் என்ற இரண்டு அவுட்போர்டு பெயர்களையும் தயாரித்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. அடுத்த வருஷம் பம்பார்டியர் அந்தப் பெயர்களை வாங்கித் தொடர்ந்தது. 2020-இல் எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் புஷ், வளையம், கேம் ரோலர் போன்ற சின்னச் சாமான்களை வேறு தயாரிப்பாளர்கள் இன்னும் செய்கிறார்கள். பாகத்தின் எண்ணை வைத்துத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் ஆயிரம் விதம் வரும். வருஷமும் மாடல் எண்ணும் கிளாம்ப் பக்கத்துத் தகட்டில் இருக்கும்.

கிடைக்காவிட்டால் கடைந்துகொள்ளலாம். என்ன பொருள் என்பதில் கவனம் வேண்டும். நைலான் கட்டை எளிதாகக் கிடைக்கும், ஆனால் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் வரை நீரை ஏற்கும், அளவும் கூடும். காய்ந்த நிலையில் நெருக்கமாகக் கடைந்த புஷ் தண்ணீரில் ஊறியதும் பின்னை இறுக்கிப் பிடிக்கும். த்ராட்டில் லிங்கேஜில் அது ஆட்டத்தைவிட ஆபத்து, பிடி திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளலாம். டெல்ரின் என்ற பெயரில் வரும் அசிட்டால் இந்த விஷயத்தில் மேல், முழுக்க ஊறினாலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான் நீரை ஏற்கும். லேத்தில் அழகாகக் கடைபடும், வழுக்கும்.

பித்தளை புஷ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் கிரீஸ் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அலுமினிய லீவரில் இறக்கினால் உப்புத் தண்ணீரில் அலுமினியம்தான் அடி வாங்கும். எனக்கு அசிட்டால்தான் பிடிக்கும். அதில் தேய்வது புஷ், பின் தப்பிக்கும். மலிவான பாகம் தேய்ந்து விலையுள்ளதைக் காப்பாற்றுவது நல்ல ஏற்பாடு.

அளவு எடுக்கும்போது பின்னைத் தேயாத இடத்தில் அளங்கள். தேய்ந்த இடத்தை அளந்து அதற்கு புஷ் கடைந்தால் மாட்டும்போதே பின் உள்ளே போகாது.

வெள்ளோட்டம்

ஒரு சின்னக் குறுக்கீடு. ஈ வடிவ கிளிப்களைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். படகிலேயே வைத்துக் கழற்றினால் பறந்துபோய் நேரே தண்ணீரில்தான் விழும். மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றிச் செய்வது நல்லது.

ஓடக்காரன்

வேலை முடிந்தது. ஃப்ளைவீல் சாவி நன்றாக இருந்தது. வளையம் தேய்ந்திருந்தது, ஸ்க்ரூக்களில் இரண்டு தளர்ந்தும் இருந்தன. வளையம் பாக எண்ணை வைத்துத் தேடியதில் கிடைத்துவிட்டது. லீவர் புஷ் மட்டும் அசிட்டாலில் கடைந்து வாங்கினேன், கடைசல் அண்ணாவுக்கு நன்றி. கம்பி புதிது, பழைய அளவிலேயே வைத்திருக்கிறேன். இப்போது பிடியைத் தொட்டவுடன் தட்டு அசைகிறது.

இனி செட்டிங். எங்கிருந்து தொடங்குவது?

நீர்க்கோடு

முதலில் உங்கள் மாடலின் கையேடு. வரிசையும் அளவும் அதில் எப்படி இருக்கிறதோ அதுதான் இறுதி. நான் சொல்வது இந்த வகை மோட்டார்களுக்குப் பொதுவான வழி.

ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருந்தீர்கள் அல்லவா, அதை முதலில் பின்வாங்குங்கள். அது உள்ளே தள்ளியபடி இருந்தால் மற்ற எதுவும் தன் இடத்துக்கு வராது.

அடுத்தது கேம் தொடும் இடம். கேமின் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும், சிலவற்றில் இரண்டு. இன்ஜின் அணைந்திருக்கட்டும். பிடியை மிக மெதுவாகத் திருப்புங்கள். பட்டர்ஃப்ளை அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் ரோலரின் மையம் அந்தக் கோட்டுக்கு நேரே இருக்க வேண்டும். இரண்டு கோடு என்றால் பெரும்பாலும் நடுவில். அசையத் தொடங்கும் கணத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அதற்கு ஒரு தந்திரம்: பட்டர்ஃப்ளை ஸ்பிண்டிலின் நுனியில் முதலை வாய் கிளிப் ஒன்றைக் கவ்வவைத்து அதில் ஒரு நீளமான மெல்லிய கம்பியைச் செருகுங்கள். ஸ்பிண்டில் அரை டிகிரி திரும்பினால்கூடக் கம்பி நுனி துள்ளும். கோடு சேராவிட்டால் ரோலர் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்துங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், மொத்த செட்டிங்கிலும் ஓட்டத்தில் அதிகமாகத் தெரிவது இதுதான். பட்டர்ஃப்ளை சீக்கிரம் திறந்தால் காற்று முந்தி, ஸ்பார்க் பிந்தி, இன்ஜின் இருமிக்கொண்டு ஏறும். தாமதமாகத் திறந்தால் நீங்கள் முதலில் சொன்னது போல ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பாயும்.

பிறகு ஃபுல் த்ராட்டில். நியூட்ரலில் வைத்துப் பார்த்தால் முழுக்கத் திரும்பாது. பல மோட்டார்களில் நியூட்ரலில் பிடியைப் பாதியில் தடுக்கும் ஏற்பாடு உண்டு. இதைத் தெரியாமல் கம்பியை நீட்டிக்கொண்டே போனவர்கள் இருக்கிறார்கள். கியர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பிளக் வயர் கழன்றிருக்கிறதா என்று மறுபடி உறுதிசெய்துகொண்டு, ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ப்ரொப்பெல்லர் தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே கியரைத் தள்ளுங்கள். சுற்றாமல் அழுத்தினால் கியர் லிங்கேஜ் வளையும். பிடியை முழுக்கத் திருப்பினால் பட்டர்ஃப்ளை காற்றோட்டத்துக்கு இணையாக, படுக்கையாக நிற்க வேண்டும். அதற்கு மேல் போகக் கூடாது. முக்கியமாக, பிடியின் ஸ்டாப் முட்டும்போது கார்புரேட்டர் ஸ்பிண்டில் மேல் அழுத்தம் இருக்கக் கூடாது. விரலால் ரோலரை லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஒரு மயிரிழை மிச்சம் இருந்தால் நல்லது. இணைப்புக் கம்பியின் மரையை இப்போது, இந்த இடத்தில்தான் தொட வேண்டும்.

ஸ்பார்க் அட்வான்ஸின் கடைசி ஸ்டாப் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். ஸ்பார்க் நேரத்தைப் பார்க்கும் டைமிங் லைட்டும் கையேடும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அதிக அட்வான்ஸில் ஃபுல் த்ராட்டில் ஓடினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கடைசியில் ஐட்லிங். அதைத் தண்ணீரில் வைத்து, இன்ஜின் சூடான பிறகு, கியரில் போட்டுத்தான் செய்ய வேண்டும். தரையில் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓட்டினால் எக்ஸாஸ்ட்டுக்கு எதிரழுத்தம் கிடையாது, அங்கே அழகாக நின்ற ஐட்லிங் தண்ணீரில் இறங்கியதும் அணைந்துவிடும்.

வெள்ளோட்டம்

அந்தத் தண்ணீர்ச் சோதனைக்குப் படகை முன்னும் பின்னும் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தும் சுவிட்சின் கயிறு கையிலோ இடுப்பிலோ இருக்கட்டும். லிங்கேஜை இப்போதுதான் பிரித்துப் பூட்டியிருக்கிறீர்கள். ஒரு பின் கழன்றால் த்ராட்டில் எந்த நிலையிலும் நின்றுவிடலாம், பிடியைக் குறைத்தாலும் குறையாது. ஸ்டார்ட் செய்யும் முன்னரே சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும், சோக்கை இழுத்து அணைக்க முடியுமா என்றும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஓடக்காரன்

செய்தாயிற்று. கிளிப்பும் கம்பியும் வைத்துப் பார்த்ததில் ரோலர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் பட்டர்ஃப்ளை அசைந்தது, நகர்த்தி நேராக்கினேன். ஃபுல் த்ராட்டிலில் பட்டர்ஃப்ளை முழுக்கப் படுக்கவில்லை, இணைப்புக் கம்பியில் ஒரே ஒரு சுற்றில் வந்துவிட்டது. தேய்ந்த ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு முறுக்கியிருந்தால் எத்தனை சுற்று போயிருக்குமோ.

தண்ணீரில் கட்டிவைத்து ஐட்லிங் வைத்தேன். பிடியைப் பல தடவை ஏற்றி இறக்கியும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. பாய்ச்சல் போய்விட்டது, ஏறுவது சீராக இருக்கிறது. உராய்வு ஸ்க்ரூவைக்கூடக் கொஞ்சம் தளர்த்த முடிந்தது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: ஐட்லிங்கில் லேசாக ஏற்ற இறக்கம் இருக்கிறது, கொஞ்சம்தான். விட்டுவிடலாமா?

பழையஇரும்பு

கார்புரேட்டர் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அது போகும் ஓட்டை தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் காற்று இழுக்கும், கலவை மெலிந்து ஐட்லிங் அலையும். அதை எந்த ஸ்க்ரூவும் சரிசெய்யாது, கார்புரேட்டர் பாடியில் புஷ் இறக்க வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் ஐட்லிங் கலவை ஊசியைக் கால் சுற்றுக்கும் குறைவாக வெளியே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கும்.

ஓடக்காரன்

ஸ்பிண்டிலில் ஆட்டம் இல்லை. ஊசியை ஒரு மயிர் வெளியே எடுத்ததும் சீரானது. எல்லாருக்கும் நன்றி.

துடுப்படி

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என்னுடையது ரிமோட் கன்ட்ரோல், கேபிள். லீவரை முழுக்கப் பின்னால் இழுத்தாலும் சில சமயம் ரேஸ் இறங்குவதில்லை, கையால் இன்ஜின் பக்கம் தள்ளினால் இறங்குகிறது. இதுவும் புஷ்தானா?

இழுகயிறு

முதலில் கேபிளை இன்ஜின் முனையில் கழற்றுங்கள். கழற்றிய பிறகு இன்ஜின் பக்கத்து லீவரைக் கையால் அசைத்தால் இலகுவாக ஸ்டாப் வரை போய்த் திரும்புகிறதா? போனால் லிங்கேஜில் குற்றமில்லை, கேபிளில்தான். கன்ட்ரோல் லீவரை அசைத்துக் கேபிள் முனையைப் பாருங்கள். உறைக்குள் உள்கம்பி தேய்ந்திருந்தால் லீவர் நகர்ந்தும் முனை தாமதமாக நகரும். உறை வெடித்துத் துரு எட்டிப்பார்த்தால் கிரீஸ் அடித்து உயிர்கொடுக்கப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். உள்ளே வழுக்கும் உறை வைத்த கேபிள்களுக்குக் கிரீஸ் ஆகவும் ஆகாது. வளைவு கூர்மையாக இருந்தாலும் இதே தொல்லை வரும்.

கேபிள் நன்றாக இருந்தால் நீளம்தான் சரியில்லை. கன்ட்ரோலை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் லீவரை ஐட்லிங் ஸ்டாப்பில் முட்டவைத்து, கேபிளின் நடு உருளையைத் திருகி அதன் குழியில் உட்காரும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். லேசான அழுத்தம் இருக்க வேண்டும். அதைச் சோதிக்க ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் வையுங்கள். இழுத்தால் பிடித்துக்கொண்டு வர வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. கிழிந்தால் அழுத்தம் அதிகம், லீவர் கனக்கும். வழுக்கிக்கொண்டு வந்தால் போதாது, உங்கள் ரேஸ் இறங்காத தொல்லை அங்கேதான் இருக்கிறது.

துடுப்படி

காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. உருளையை இரண்டு சுற்று திருகியதும் பிடித்துக்கொண்டு வருகிறது, ரேஸும் இறங்குகிறது. கேபிள் உறை ஒரு இடத்தில் லேசாக வெடித்திருப்பதையும் பார்த்தேன், புதிதுக்கு நீளம் அளந்து வைத்திருக்கிறேன்.